பீரோவாக நின்ற பிள்ளை

எங்கள் வட்டாரத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் அங்கன்வாடி டீச்சர்கள் போன வாரம் எனக்கு போன் செய்தார்கள். அவர்களுக்குத் திண்டுக்கல்லில் பயிற்சி நடக்கிறதாம். ஓய்வு பெற்ற யாராவது வந்து ‘விளையாட்டு வழிக் கற்றல்’ என்ற தலைப்பில் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். சுருக்கமாகப் பேசினால் நல்லது, மதியம் பிரியாணி வருகிறது, ஆறிவிடும் என்று போனில் பேசிய பெண்ணே விளக்கமும் கொடுத்தாள். எங்கள் ஊரில் எந்தக் கூட்டத்திலும் கடைசியாகப் பேசுகிறவர் பிரியாணியோடுதான் போட்டி போட வேண்டும். எனக்குத் தோற்கப் பிடிக்காது. எழுதியே கொடுத்துவிடுகிறேன், சாப்பிட்டுவிட்டு ஆற அமரப் படியுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் பெயர் செசிலியா. திண்டுக்கல் டவுனில் பிறந்து, எரியோட்டுக்கும் குஜிலியம்பாறைக்கும் நடுவே இருக்கும் ஒரு மானாவாரிக் கிராமத்துக்குத் தினமும் பஸ்ஸில் போய்வந்தே காலத்தை ஓட்டியவள். ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. இன்றைக்கும் அங்கே போனால் எனக்குச் சோறு போடுவார்கள், அதைக் கெடுத்துக்கொள்வானேன்? அந்த ஊருக்கு நான் ‘பால்வாடி டீச்சர்’. அரசாங்கம் போர்டை எத்தனை தடவை மாற்றி எழுதினாலும் ஊர் தன் பெயரை மாற்றவில்லை. பால்தான் கடைசிவரை வரவில்லை.

எனக்குக் கிடைத்த பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குழந்தைகள் விளையாட்டின் மூலமே கற்கின்றன என்பதை எங்களைப் பெஞ்சில் வரிசையாக உட்காரவைத்து, பேசாதே, திரும்பாதே என்று அதட்டி, நோட்டில் எழுதவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மணல் விளையாட்டின் பயன்கள் யாவை என்று பரீட்சையில் கேட்டார்கள். மனப்பாடம் செய்ததை அப்படியே எழுதி நல்ல மார்க் வாங்கினேன். பயிற்சி முடியும்வரை ஒரு கைப்பிடி மணலைக்கூட யாரும் எங்கள் கண்ணில் காட்டவில்லை.

மணலை எனக்குக் காட்டியது பிள்ளைகள்தான். ஓர் அறை, ஓர் அடுக்களை, வாசலில் ஒரு வேப்பமரம், சமைக்கவும் பிள்ளைகளைக் கழுவிவிடவும் பாக்கியம் என்றொரு உதவியாளர். இவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். காலையில் கொட்டாங்குச்சியில் மண்ணை நிரப்பிக் கவிழ்த்தால் இட்லி. ஈரம் போதாவிட்டால் இட்லி உடையும், அதிகமானால் ஒட்டும். எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதை மூன்று வயதுப் பிள்ளை தானே கண்டுபிடித்துவிட்டு, பக்கத்துப் பிள்ளைக்கு அதிகாரத்தோடு வகுப்பு எடுக்கும். நான் பரீட்சையில் எழுதிய பயன்களில் இந்த அதிகாரம் மட்டும் விட்டுப்போயிருந்தது.

முட்டை வரும் அட்டையைப் பிள்ளைகள் எத்தனை பேரோ அத்தனை குழி விட்டு, மீதியைக் கத்தரித்து வைத்திருந்தேன். காலையில் வருகிற பிள்ளை ஒரு கூழாங்கல்லை எடுத்து ஒரு குழியில் போட வேண்டும். ஒருநாள் ஒரு பயல் அட்டையைப் பார்த்துவிட்டு, “ரெண்டு குழி சும்மா கெடக்கு டீச்சர். ரெண்டு பேரு வரல” என்றான். கழித்தல் கணக்கை யாரும் சொல்லித்தராமல் போட்ட அந்த அறிவாளியைப் பற்றி அவன் அம்மாவிடம் பூரித்துப்போய்ச் சொன்னேன்.

“அதெல்லாம் சரி டீச்சர், ஒண்ணு ரெண்டு எழுதுவானா?” என்று கேட்டாள்.

இன்னும் எழுதவில்லை என்றேன்.

“வெளையாடுறதுக்கு எங்க வீட்டுல எடமா இல்ல?” என்றாள். அடுத்த மாதமே அவன் கழுத்தில் டை கட்டி, வேனில் ஏற்றி, ஓர் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டாள். அங்கே அவனுக்கு வீட்டுப்பாடம் உண்டு. ராத்திரி அவன் தூங்கிய பிறகு அந்த அம்மாவே எழுதி முடிப்பாள். ஒரு வருஷத்தில் அவள் கையெழுத்து நன்றாகத் திருந்திவிட்டது.

இனி பீரோ. எங்கள் மையத்துக்கு ஒரு முறை பெட்டி நிறைய விளையாட்டுச் சாமான் வந்தது. மரக்குதிரை, மேளம், கட்டைகள், சமையல் சொப்பு, துணிப் பொம்மை எல்லாம் இருந்தன. பிள்ளைகள் குதித்தார்கள். நானும் குதித்திருப்பேன், பக்கத்து ஊர் டீச்சர் முந்திக்கொண்டு எச்சரிக்காவிட்டால். அவள் மையத்தில் ஒரு குதிரைக்குக் கால் ஒடிந்துபோய், பொருளைப் பாதுகாக்கத் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். குழந்தை ஏறியதால் ஒடிந்தது என்று எழுதினாளாம். குழந்தையை ஏறவிட்டது ஏன் என்று அடுத்த கேள்வி வந்ததாம்.

அன்றிலிருந்து வட்டாரம் முழுக்க ஒரே வழக்கம்தான். சாமான் வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் பீரோவில் அடுக்கிப் பூட்ட வேண்டியது. ஆய்வுக்கு ஆள் வந்தால் திறந்து காட்ட வேண்டியது. அவர்கள் போனதும் மறுபடி பூட்ட வேண்டியது. திண்டுக்கல்காரிக்குப் பூட்டுக்கா பஞ்சம்? மாங்காய்ப் பூட்டு ஒன்று வாங்கி வந்து மாட்டினேன். நகைக்கடைக்காரர் பார்த்தால் பொறாமைப்படுவார். சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எந்தப் பிள்ளையாவது பீரோ பக்கம் போனால் நானோ பாக்கியமோ ஒரே ராகத்தில் சொல்வோம்: “தொடாதீங்க, ஒடஞ்சுரும்.” என்றைக்காவது பொம்மையை வெளியே எடுத்தால் அதற்கு முன்னால் பாக்கியத்தின் கட்டளை ஒன்று உண்டு: “கை கழுவிட்டு வாங்க.” பெரும்பாலும் கை கழுவிவிட்டு வருவதற்குள் பீரோ பூட்டியிருக்கும்.

இந்தப் பொக்கிஷத்துக்குக் காவல் தெய்வம் எங்கள் சூப்பர்வைசர் கற்பகம் மேடம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சத்தம் போடுகிறவர்களைச் சமாளித்துவிடலாம், இவர் ‘சரி’ என்று மட்டும்தான் சொல்வார். அந்தச் சரியில் மூன்று வகை. குட்டையாகச் சொன்னால் வேலை நன்றாக நடக்கிறது. இழுத்துச் சொன்னால் ஆபீசுக்கு வரச்சொல்லி ஆள் வரும். மூன்றாவது, சொல்லிவிட்டு எங்கேயோ பார்ப்பார். அதற்கு அர்த்தம் என்ன என்று எங்கள் வட்டாரத்தில் எவளுக்கும் தெரியாது.

அவர் வருகிறார் என்பதற்கு அடையாளம் கறுப்புக் குடை. பஸ் நிறுத்தத்தில் குடை விரிந்ததும் பாக்கியம் அடுக்களை ஜன்னலில் பார்த்துவிட்டுக் குரல் கொடுப்பாள். மண் இட்லி கலையும், பிள்ளைகள் சுவரோரம் கை கட்டி உட்காருவார்கள். மேடம் வருவார். குடையை மடக்கி மூலையில் சாய்ப்பார். கைக்குட்டையால் நாற்காலியை ஒரு முறை துடைப்பார், அதே கைக்குட்டையை மடியில் விரிப்பார். அரிசியை அள்ளி முகர்ந்து பார்ப்பார். ஒரு முட்டையைக் காதருகே வைத்து ஆட்டுவார். நான் எடை போட்ட பிள்ளைகளில் ஒன்றைக் கூப்பிட்டு மறுபடி எடை போடுவார். எல்லாம் முடிந்ததும் வலது உள்ளங்கையை நீட்டுவார்.

“சாவியக் குடுங்க டீச்சர்.”

பீரோக் கதவு நீளமாகக் கிறீச்சிடும். ஒவ்வொரு சாமானையும் உறையோடு தூக்கிப் பார்ப்பார். மேளத்தை விரல் முட்டியால் ஒரே ஒரு தட்டு தட்டுவார். எங்கள் மையத்தில் அந்த மேளம் வாசிக்கப்பட்டது அவ்வளவுதான். பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், சாவியை என் கையில் வைப்பார். “பத்திரமா வச்சிருக்கீங்க. நல்லது” என்பார். நான் வேலைக்குச் சேர்ந்து அவரிடம் வாங்கிய ஒரே பாராட்டு, பொம்மைகளைப் பிள்ளைகளிடமிருந்து காப்பாற்றியதற்குத்தான்.

இந்தச் சமயத்தில்தான் தர்ஷினி வந்தாள். நாலு வயது. அம்மா செல்வராணிக்கு நூல் மில்லில் வேலை. அப்பா முருகேசன் லோடு வண்டி ஓட்டுகிறவர், முருங்கைக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போவார். பிள்ளை பேசாது. காது நன்றாகக் கேட்கிறது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கூப்பிட்டால் திரும்பும், சொன்னதைச் செய்யும், வாயை மட்டும் திறக்காது.

“முன்னாடி எங்கிட்ட மட்டும் குசுகுசுன்னு ரெண்டு வார்த்த பேசும் டீச்சர். இப்ப அதுவும் நின்னுபோச்சு” என்றாள் செல்வராணி. “அது பேசுச்சுன்னு சொன்னா அவரு நான் பொய் சொல்றேங்கிறாரு.”

முருகேசனைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. “நான் வீட்டுக்கு வாரப்பவும் தூங்குது, போறப்பவும் தூங்குது. முழிச்சிருக்கிற அன்னைக்கும் என்னப் பாத்தாச் செவுத்தப் பாத்துக்கிருது. அப்பான்னு ஒருவாட்டி கூப்பிட்டதில்ல டீச்சர்” என்று ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டு வண்டிக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

டை கட்டும் பள்ளிக்கூடத்தில் அவளை இன்டர்வியூவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இன்டர்வியூ. கலெக்டர் வேலைக்குக்கூடப் பரீட்சை எழுதிய பிறகுதான் இன்டர்வியூ வைப்பார்கள். பெயர் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை, வேறு மாதிரிப் பள்ளியில் சேருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். யாரோ முருகேசனிடம், திருச்சிப் பக்கம் பேசாத பிள்ளைகளைத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் இடம் இருக்கிறது என்று சொல்ல, அவரும் முடிவு செய்துவிட்டார். அப்படிப்பட்ட இடம் தேவையான பிள்ளைக்கு அது வரம்தான். காது கேட்கிற, அம்மாவிடம் குசுகுசுவென்று பேசியிருக்கிற பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரித்துக் கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. செல்வராணி மில்லுக்குப் போகும் வழியில் என் வாசலில் நின்று அழுதுவிட்டுப் போவாள்.

அதற்கு வழி பிள்ளைகளிடம் இருந்தது. மேடம் வந்துபோன மறுநாள் அவர்கள் விளையாடும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குப் பெயர் ‘மேடம் வந்தாச்சு’. நாங்கள் யாரும் சொல்லித்தரவில்லை. ஹரிணி என்று ஒரு வாயாடி, அவள்தான் எப்போதும் மேடம். வேப்பங்கொத்துதான் குடை. ஒருத்தி பாக்கியமாக அடுக்களையிலிருந்து கத்துவாள். ஒருத்தி நானாக இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “இல்லீங்க மேடம், ஆமாங்க மேடம்” என்பாள். நான் அப்படித்தான் நிற்கிறேன் என்பது எனக்கு அதைப் பார்த்துத்தான் தெரிந்தது. மற்றவர்கள் சுவரோரம் கை கட்டி உட்காருவார்கள். அந்த வேடத்துக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.

புதுப் பிள்ளைக்கு என்ன வேடம்? ஹரிணி தர்ஷினியை மேலும் கீழும் பார்த்தாள்.

“நீ பேச வேணாம். நீதான் பீரோ.”

படித்தவர்கள் நடத்தும் பள்ளிக்கூடத்துக்கு வராத யோசனை அவளுக்கு வந்தது. தர்ஷினி போய் நிஜப் பீரோவின் முன்னால் நின்றாள். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்துக்கொண்டாள், அதுதான் கதவு. ஹரிணி ஒரு குச்சியை அவள் விரல்களுக்குள் நுழைத்துத் திருகினாள். கைகள் மெதுவாக விரிந்தன. கூடவே ஒரு சத்தம் வந்தது.

“க்ர்ர்ரீ...ச்.”

பாக்கியம் கரண்டியோடு வெளியே வந்தாள். “டீச்சர், பீரோ பேசுது.”

“பேசட்டும். திரும்பிப் பாக்காத. பாத்தா நின்னுரும்” என்றேன்.

அதன் பிறகு நான் செய்த வேலை ஒன்றுதான். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து பருப்பில் கல் பொறுக்குவேன், காதை மட்டும் அந்தப் பக்கம் வைத்திருப்பேன். அந்த நாட்களில் எங்கள் மையத்துச் சாம்பார்போலச் சுத்தமான சாம்பார் மாவட்டத்திலேயே இருந்திருக்காது. முதலில் கதவின் கிறீச். சில நாள் கழித்துப் பூட்டு விழும் ‘டொக்’. அப்புறம் உள்ளேயிருந்து மேளத்தின் ‘டும்’. நான் எழுந்து பக்கத்தில் போனால் பீரோ மூடிக்கொள்ளும். பெயர் கேட்டால் மூடிக்கொள்ளும். பாராட்டினாலும் மூடிக்கொள்ளும். விளையாட்டுக்குள் இருக்கிறவர்களுக்கு மட்டும் திறக்கும்.

பூரிப்போடு முருகேசனிடம் சொன்னேன். வாயிலிருந்து சத்தம் வருகிறது, பேச்சும் வரும், கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

“கதவு சத்தந்தான டீச்சர்? எண்ணெய் விட்டா நின்னுரும்” என்றார். “உங்களுக்கு ஒரு பிள்ள கொறஞ்சா மேல பதில் சொல்லணும், தெரியும். வார திங்கக்கிழம கூட்டிட்டுப் போறேன்.”

பெண்டாட்டி சொன்னால் பொய், பால்வாடி டீச்சர் சொன்னால் ஆள்பிடிக்கும் தந்திரம். எனக்குக் கோபம் வந்தது. என்ன செய்ய, பெற்றவர் அவர்.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை காலையில் ‘மேடம் வந்தாச்சு’ மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. பாக்கியமும் அடுப்பை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்ததால் ஜன்னலில் யாரும் இல்லை. குடையை யாரும் பார்க்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து ஹரிணி, “பத்திரமா வச்சிருக்கீங்க. நல்லது” என்று சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் கற்பகம் மேடம் நிற்கிறார்.

ஹரிணி வேப்பங்கொத்தைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியிலிருந்து இறங்கினாள். பாக்கியம் அடுக்களைக்குள் ஓடினாள், பிள்ளைகள் கை கட்டினார்கள். பீரோ மட்டும் அசையவில்லை. ஆய்வுக்கு ஆள் வந்தால் பீரோ ஓடவா செய்யும்?

மேடம் குடையைச் சாய்த்தார், நாற்காலியைத் துடைத்தார், கைக்குட்டையை விரித்தார். அரிசியையும் முட்டையையும் எடையையும் அன்றைக்குத் தாண்டிப் போனார். நேரே உள்ளங்கைதான் நீண்டது.

“சாவியக் குடுங்க டீச்சர்.”

ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவர் பீரோவிடம் போனார்.

“நகரு பாப்பா.”

தர்ஷினி நகரவில்லை. மேடம் அவள் தலைக்கு மேலாகப் பூட்டை நோக்கிக் கையை நீட்டினார்.

“தொடாதீங்க. ஒடஞ்சுரும்.”

குரல் கரகரப்பாக இருந்தது, புழங்காத குரல். ஆனால் ராகம் அச்சு அசல் என்னுடையது. அடுக்களையில் பாக்கியத்தின் கையிலிருந்து தட்டு விழுந்த சத்தம் கேட்டது. இத்தனை பொம்மை வாங்கிக் கொடுத்து, இத்தனை நாள் பாதுகாத்து, நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்த முதல் வாக்கியம் இதுதான். இருக்கட்டும், அதையாவது அவள் எடுத்துக்கொண்டாளே என்று நினைத்துக்கொண்டேன்.

மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பேசாத பிள்ளை ஒன்று இருப்பதைப் போன முறையே அவரிடம் சொல்லியிருந்தேன். இவளா என்று கண்ணால் கேட்டார். தலையாட்டினேன். அவர் நீட்டிய கையை மெதுவாக இறக்கினார்.

“ஒடைக்க மாட்டேன். பாத்துட்டுக் குடுத்துர்றேன்” என்றார், என்னிடம் இல்லை, பீரோவிடம்.

பீரோ யோசித்தது. “கை கழுவிட்டு வாங்க.”

எங்கள் வட்டாரமே நடுங்கும் கற்பகம் மேடம் வாசலில் இருந்த தண்ணீர் டிரம்முக்குப் போனார். சோப்புப் போட்டு முன்கை, புறங்கை எல்லாம் கழுவினார். வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தர்ஷினி உற்றுப் பார்த்தாள், அவர் முட்டையைப் பார்ப்பதைவிடக் கவனமாக. அப்புறம் அவள் உள்ளங்கை நீண்டது.

“சாவியக் குடுங்க.”

மேடம் சாவியை அந்தக் கையில் வைத்தார். மாங்காய்ப் பூட்டு லேசில் திறக்காது. பிஞ்சுக் கைமேல் தன் கையை வைத்து மேடமும் சேர்ந்து திருகினார். நிஜக் கதவும் கிறீச்சிட்டது, தர்ஷினியும் கிறீச்சிட்டாள். குதிரை வந்தது, மேளம் வந்தது. உறையை எப்படிக் கழற்றுவது என்று எனக்கே மறந்துபோயிருந்தது. ஹரிணி பல்லால் கடித்துக் கிழித்தாள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கொன்றாகக் கேட்டார்கள், பீரோ ஒவ்வொருவர் கையையும் சோதித்துவிட்டுக் கொடுத்தது.

அப்போது வெளியே லோடு வண்டியின் ஹாரன் கேட்டது. விடுதிக்கு வேண்டிய துணிமணி எடுக்கப் பிள்ளையைத் திண்டுக்கல்லுக்குக் கூட்டிப் போக முருகேசன் வந்திருந்தார். நான் ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. உள்ளே வந்து அவள் முன்னால் குனிந்தார்.

“பேசு தாயி. அப்பாட்ட பேசு.”

தர்ஷினியின் கைகள் மார்பில் குறுக்காக விழுந்தன. சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“பாத்தீங்களா” என்றார் என்னிடம். அந்த முகத்தில் ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் இல்லை.

“நாம கேட்டா அது பிள்ள. பிள்ள பேச மாட்டேங்குது, பீரோதான் பேசுது” என்றார் மேடம். “நீங்களும் வரிசையில உக்காருங்க.”

“வண்டி நிக்குது மேடம். காய் வாடிரும்.”

“செத்த நேரம் உக்காருங்க.”

ஆபீசர் சொன்னால் ஆண்கள் கேட்பார்கள். காக்கிச் சட்டையும் கைலியுமாக முருகேசன் வரிசையின் கடைசியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ‘மேடம்’ பதவியை இழந்துவிட்ட ஹரிணிக்கு ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

“ஏலே, கையக் கட்டு. ஒட்டி உக்காரு.”

கட்டினார். ஒட்டியும் உட்கார்ந்தார். விளையாட்டு மறுபடி மெதுவாகத் தொடங்கியது, பீரோவும் இந்தப் பக்கம் திரும்பிக் கதவைத் திறந்தது. முன்னால் இருந்த பிள்ளை எழுந்து போனால் ஒவ்வொரு இடமாக நகர்ந்தார். நான் பருப்பு முறத்தை எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். தொலைந்ததை மீட்டுக் கொடுப்பவர் என்று பெயர் வாங்கிய அந்தோணியாரைக் கூப்பிட்டேன். பார்க்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான்தான், இருந்தாலும் அவர் முறை வந்தபோது திரும்பிப் பார்த்துவிட்டேன்.

முருகேசன் மண்டி போட்டபடி கையை நீட்டினார். ஸ்டியரிங் பிடித்துக் காய்ப்பு ஏறிய கை, கிரீஸ் கறை வேறு. தர்ஷினி அந்தக் கையைப் பார்த்தாள். அப்புறம் அவர் முகத்தைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“கை கழுவிட்டு வாங்கப்பா.”

அவர் எழுந்து டிரம்முக்குப் போனார். கிரீஸ் கறை போக அவ்வளவு நேரம் ஆகாது. முகத்தையும் கழுவினார், மறுபடி கழுவினார். பாக்கியம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். மேடம் அழவில்லை, தன் கைக்குட்டையை எடுத்துக் கொண்டுபோய் அவர் துடைத்துக்கொள்ளக் கொடுத்தார்.

திங்கட்கிழமை தர்ஷினி திருச்சிக்குப் போகவில்லை, என் மையத்துக்குத்தான் வந்தாள். உடனே பட்டாசாகப் பேசிவிடவில்லை. கொஞ்ச நாள் பீரோ பேசியது, அப்புறம் மரக்குதிரை பேசியது, அதற்கப்புறம்தான் தர்ஷினி. சாவி அன்றைக்கே அவளோடு வீட்டுக்குப் போயிருந்தது. முருகேசன் திருப்பிக் கொண்டுவந்தார், சாயங்காலம் அது மறுபடி அவளோடு போயிற்று. இரண்டு மூன்று தடவைக்கு மேல் அவரும் அலையவில்லை. பூட்டு சும்மா தொங்கியது.

அடுத்த ஆய்வில் மேடம் வழக்கம்போல உள்ளங்கையை நீட்டினார். சாவி இல்லை என்றேன். குதிரையை எடுத்துப் பார்த்தார், ஒரு கால் இல்லை. மேளம் கிழிந்திருந்தது.

“சரி” என்றார், சொல்லிவிட்டு எங்கேயோ பார்த்தார்.

அந்த மூன்றாவது சரிக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் தெரிந்தது: நான் ஒன்றும் பார்க்கவில்லை, நீங்கள் நடத்துங்கள். விளக்கம் கேட்டு யாரும் எனக்கு எழுதவில்லை. கேட்டவர்களுக்கு அவரே ஏதோ சொல்லியிருக்க வேண்டும். இதனால் வட்டாரமே திருந்திவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து ஊர்களில் பீரோக்கள் பூட்டியேதான் இருந்தன. இப்போது காலம் முன்னேறிவிட்டது. பிள்ளைகள் விளையாடுவதைப் போனில் படம் பிடித்து அனுப்ப வேண்டுமாம். பொம்மையை எடுத்துக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லி, படம் ஏறியதும் பிடுங்கி உள்ளே வைக்கிறார்கள். முன்பு பிள்ளைகளுக்குக் கண்ணால் பார்க்கத்தான் கிடைத்தது, இப்போது நெட்வொர்க் கிடைக்கும்வரை கையிலும் கிடைக்கிறது. குஜிலியம்பாறைப் பக்கம் சிக்னல் மோசம் என்று குறைப்படாதீர்கள். பிள்ளைகளுக்கு அது நல்லது.

நான் ஓய்வு பெற்ற அன்று, எனக்குப் பதிலாக வந்த பெண்ணிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்தேன். புதுச் சாமான்கள் வந்து இறங்கியிருந்தன. நல்ல பெண், பொறுப்பான பெண். அதனால் முதலில் அவள் கேட்டது, “பீரோ சாவி எங்க டீச்சர்?” என்றுதான்.

பெரிய பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போகிற நேரம். என்னைப் பார்க்க தர்ஷினி உள்ளே வந்திருந்தாள். இப்போது அவள் வாயை மூட வழி சொல்லுங்கள் என்று முருகேசன் என்னிடம் வந்து கெஞ்சுகிற அளவுக்குப் பேசுகிறாள். கேள்வி என் பக்கம் வருவதற்குள் அவளே பிடித்துக்கொண்டாள்.

“எதுக்குக்கா சாவி?”

“பூட்டணும்ல. பிள்ளைங்க எடுத்தா ஒடஞ்சுரும்ல.”

தர்ஷினி அந்தப் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அது எப்பவோ தொலஞ்சுபோச்சுக்கா.”

கண் சிமிட்டாமல் சொன்னாள். சாவி அவள் புத்தகப் பையின் ஜிப்பில் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. பெயரைக்கூடச் சொல்ல வராது என்று ஒரு பள்ளிக்கூடம் திருப்பி அனுப்பிய பிள்ளை, இவ்வளவு சரளமாகப் பொய் சொல்கிறது. என் வேலையில் இதைவிடப் பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. ஆமாம், தொலைந்துபோயிற்று என்று நானும் சொன்னேன்.